கடலோரத்தில் கட்டும் விமானம்: உள்பக்கம் பிரைமர் அடிக்கணுமா?

கேள்வி: ஃப்ளோரிடாவில் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டிலேயே பாகங்களைச் சேர்த்துக் கட்டும் விமானமான வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-10 கிட் வாங்கி, கராஜில் வால் பகுதியில் வேலையை ஆரம்பித்திருக்கிறேன். தகடுகளின் உள்பக்கம் பிரைமர் அடிக்காவிட்டால் ஐந்தே வருடத்தில் அரித்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். வீண் எடை, வீண் வேலை என்கிறார் இன்னொருவர். பாகங்களை மொத்தமாக எடுத்துப்போய் ‘ஏவியேஷன் கிரேட்’ பூச்சு அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பிரைமர் அடியுங்கள். ஆனால் எல்லா இடத்திலும் வேண்டாம். முன்பணம் அறவே வேண்டாம்.

ஐந்து வருடக் கணக்கு வெறும் பயமுறுத்தல். உங்களுக்கு வந்திருக்கும் மேல்தகடுகள் அல்கிளாட். நடுவில் இருப்பது 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவை. அதில் நான்கு சதவீதத்துக்கு மேல் செம்பு. பலம் கொடுப்பதும் அதுதான், அரிப்புக்கு வழிவிடுவதும் அதுதான். அதனால் இரண்டு முகத்திலும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாகச் சேர்த்து உருட்டியிருப்பார்கள். 0.8 மி.மீ. தகட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.04 மி.மீ. வரும். அந்தப் படலம் தான் கரைந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். சின்னக் கீறல் விழுந்த இடத்திலும் அந்தக் காவல் வேலை செய்யும். 1960, 70களில் வந்த செஸ்னா சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே பிரைமர் கிடையாது. இன்றும் நிறையப் பறக்கின்றன. மிதவை மாட்டித் தண்ணீரில் இறக்குகிறவர்கள்தான் தனிக்காசு கட்டி உள்பூச்சு கேட்டு வாங்கினார்கள். நீங்கள் வறண்ட அரிசோனாவில் இருந்தால் பேசாமல் கட்டி முடியுங்கள் என்றிருப்பேன். உப்புக்காற்று அடிக்கும் இடம் என்பதால் சொல்ல முடியவில்லை.

முக்கியமாக அடிக்க வேண்டியது, தகடும் தகடும் ஒட்டி உட்காரும் இடங்களில். ரிவெட் அடித்து மூடிய பிறகு அங்கே புகுந்த ஈரம் லேசில் காயாது, உங்கள் கண்ணிலும் படாது. அதோடு, அல்கிளாட் இல்லாத பட்டைகளிலும் எஃகு வந்து உட்காரும் இடங்களிலும் அடியுங்கள். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர் போதும்; மெல்லிசாக ஒரே கோட். குரோமேட் கலந்தது நன்றாகவே காக்கும், ஆனால் புற்றுநோய் வரவழைக்கும் சரக்கு. குடும்பம் நடமாடும் கராஜில் அது வேண்டாம்.

பூச்சு நிற்பதும் உரிவதும் கழுவலில் இருக்கிறது. எண்ணெய் போகத் துடைத்து, மெரூன் ஸ்காட்ச்-பிரைட் என்ற தேய்ப்பு நாரால் லேசாகத் தேயுங்கள். பளபளப்பு மங்கினால் போதும், மேலும் தேய்த்தால் காவல் படலமே போய்விடும். பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால்தான் ஸ்ப்ரே கன்னைத் தொடலாம்.

இந்தப் பொறுமை காண்ட்ராக்ட் ஆளுக்கு இருக்காது. ‘ஏவியேஷன் கிரேட்’ என்று டப்பாவில் எவரும் அச்சடிக்கலாம். அடிப்பது பெரும்பாலும் கார் கடையில் கிடைக்கும் செல்ஃப்-எட்ச் ஸ்ப்ரே, அதாவது உலோகத்தைத் தானே லேசாக அரித்துப் பிடிக்கும் பிரைமர். அதில் பல வகை ஈரத்தை உறிஞ்சும். மேலே இன்னொரு கோட் போடாவிட்டால் பாதுகாப்பு சொற்பம். பாதியில் நின்ற கிட்டை விற்கிறவர்களும் இதே ஜாதி. உள்ளே பச்சையாகத் தெரிகிறதே, ஜிங்க் குரோமேட் பிரைமர் சார் என்பார்கள். பச்சை பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும்! சரி, அதிகாரிகள் பார்ப்பார்களே என்றால், பாதிக்கு மேல் வேலை உங்கள் கையால் நடந்ததா என்று அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படி துருவித் துருவிக் கேட்பார்கள்; போட்டோ, வேலைக் குறிப்பேடு எல்லாம் காட்ட வேண்டும். மூடிய மூட்டுக்குள் என்ன பூசியிருக்கிறது என்று கேட்கும் ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. பூசியே ஆகவேண்டும் என்றும் விதி இல்லை. காகிதம் சரியாக இருந்தால் இரும்புப் பெட்டியும் பறக்கலாம் என்பதுபோல ஒரு ஏற்பாடு. அந்த ஆளிடம் பிரைமரின் பெயர், பேட்ச் எண், டேட்டா ஷீட் மூன்றையும் கேளுங்கள். “அது எங்க சொந்த ஃபார்முலா சார்” என்றால் போனை வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் பிரைமர் கூடவே கூடாது: பெட்ரோல் டேங்க். உங்கள் விமானத்தில் இறக்கையின் முன்விளிம்பில் ஒரு பகுதியே டேங்க். அதன் மூட்டுகளைப் பாலிசல்பைட் சீலன்ட் என்ற ரப்பர் போன்ற பசை வைத்து அடைப்பீர்கள். சீலன்ட் பிடிக்க வேண்டியது சுரண்டிச் சுத்தம் செய்த வெறும் உலோகத்தை. நடுவில் பிரைமர் இருந்தால் சீலன்ட் பிரைமரைப் பிடிக்கும். பிரைமர் விட்டால் இரண்டும் சேர்ந்து வரும், டேங்க் ஒழுகும். உரிந்த துணுக்கு ஃபில்டரில் போய் அடைக்கும். மற்ற பாகங்களோடு சேர்த்து டேங்க்கின் உள்சட்டங்களான ரிப்களையும் ஒரே வரிசையில் தொங்கவிட்டு அடித்துவிடுகிறவர்கள் உண்டு. இறக்கைக் கிட் வந்ததும் டேங்க் பாகங்களைத் தனி அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே பெரிதாக எழுதி, பெயின்ட் அடிக்கும் பக்கமே வராமல் வையுங்கள். பெட்ரோல் இருப்பதால் உள்ளே அரிக்குமே என்று எவராவது சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். டேங்க்கின் அடியில் சேரும் தண்ணீரை வடித்து எடுக்கத்தான் டிரெயின் வால்வு இருக்கிறது.

அப்புறம், தகடுகளின் மேல் ஒட்டி வந்த நீல நிற பிளாஸ்டிக். கீறல் விழக்கூடாதென்று மாதக்கணக்கில் அதை விட்டுவைக்கிறார்கள். ஃப்ளோரிடா ஈரத்தில் அதன் அடியில் நீர் தங்கி, கம்பளிப்பூச்சி ஊர்ந்த தடம்போல அரிப்புக் கோடுகள் விழும். ரிவெட் வரிசையில் மட்டும் உரிக்க சால்டரிங் அயர்னின் சூட்டை ஓட்டிப் பிளாஸ்டிக்கை வெட்டுவதானால் முனையை மழுங்கத் தேய்த்துக்கொள்ளுங்கள். கூர்முனை காவல் படலத்தைக் கிழித்துவிடும். உள்பக்கப் பிளாஸ்டிக்கை இந்த வாரமே முழுசாக உரித்துப் போடுங்கள்.