ரீசேலே இல்லாத விசித்திரமான வாட்சை ஆசைக்காக லட்சங்கள் கொடுத்து வாங்கலாமா?

வாங்கலாம். "விற்றால் என்ன கிடைக்கும்" என்ற கவலை கிடக்கட்டும். "பத்து வருஷம் கழித்து இதை யார் திறந்து பார்ப்பார்கள்" என்று கவலைப்படுங்கள். விசித்திரமான வாட்ச் கையைக் கடிப்பது சர்வீஸில்தான்.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே அதைக் கட்டிப் பார்த்துவிட்டீர்கள், பக்கத்திலிருந்து யாரோ "இந்தக் காசுக்கு ரோலெக்ஸ் வாங்கினால் விற்கவாவது செய்யலாமே" என்று குழப்பியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் ரோலெக்ஸின் செகண்ட் ஹேண்ட் சந்தையும் 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய்ச் சரிந்ததுதான். "போனிலேயே மணி தெரியுமே" என்று பின்னூட்டம் போட வருபவர்கள் போட்டுக்கொள்ளட்டும், இந்தப் பதில் அவர்களுக்கு அல்ல.

முதலில் உள்ளே ஓடும் எந்திரம் எது என்று கேளுங்கள். வெளியே விசித்திரமாகவும் உள்ளே சாதாரணமாகவும் இருந்தால் நிம்மதி. ஜெர்மனியின் மெய்ஸ்டர்சிங்கர் ஒற்றை முள் வாட்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டயலில் 144 கோடுகள், கோட்டுக்கு 5 நிமிடம். பல மாடல்களில் உள்ளே ஓடுவது சுவிஸ் நிறுவனமான செல்லிட்டாவின் எந்திரம். அந்த நிறுவனத்தின் எஸ்டபிள்யூ200, ஈடிஏ என்ற இன்னொரு சுவிஸ் நிறுவனத்தின் பழைய 2824 எந்திர வடிவமைப்பில் செய்தது என்பதால் உதிரிபாகம் கிடைக்கும், கை பழகிய எந்த ரிப்பேர்காரரும் பிரித்துச் சேர்ப்பார். ஆஸ்திரியாவின் ஹாப்ரிங் எர்வினும் எனக்குப் பிடித்த ரகம். சாவி கொடுக்கிற வாட்ச்தான், ஆனால் செகண்ட் முள் நொடிக்கு ஒரு தடவை குதிக்கும். பார்ப்பவர்கள் பேட்டரி வாட்ச் என்று நினைப்பார்கள், அதுதான் அதன் வேடிக்கையே.

எந்திரமும் தயாரிப்பாளரின் சொந்தச் சரக்காக இருந்தால் கணக்கு வேறு. சுவிஸ் நிறுவனமான ஜெகர் லெகூல்ட்ரின் ரிவர்ஸோ, பிரிட்டிஷ் இந்தியாவில் போலோ ஆடிய அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடையாமல் இருக்க 1931-இல் வந்தது. வாட்சைத் தள்ளித் திருப்பினால் முகம் உள்பக்கம் போய்விடும். இதில் தொல்லை தருவது எந்திரத்தைவிடத் தூசிதான். சறுக்கும் தடத்தில் மணல் புகுந்தால் ஒவ்வொரு திருப்பலிலும் கீறல் விழும். மென்மையான காய்ந்த பிரஷால் அவ்வப்போது துடைத்தால் போதும், எண்ணெய் விடாதீர்கள். பழையது வாங்கினால் பத்து முறை திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சொடுக்கென்று உட்கார வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது.

ஜப்பானின் கிராண்ட் செய்கோ வாட்சுகளில் வரும் ஸ்பிரிங் டிரைவ் எந்திரத்தில் பேட்டரி கிடையாது, சக்தி முழுக்கச் சுருள்வில்தான். ஆனால் டிக் டிக் அமைப்பும் இல்லை. கடைசிச் சக்கரம் நொடிக்கு 8 முறை சுற்றுகிறது. அந்தச் சுழற்சியில் பிறக்கும் துளி மின்சாரத்தில் ஒரு ஐசி (மின்னணுச் சில்லு) ஓடி, வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்போடு ஒப்பிட்டு, சக்கரம் முந்தினால் காந்தத்தால் பிரேக் போடுகிறது. 9ஆர்65 எந்திரத்தில் ஒரு நாளைக்கு ஒரு நொடிதான் கூடக் குறைய இருக்கும். டிக் சத்தமே இல்லாததால், அந்தச் சத்தத்தைக் கேட்டு வாட்சைச் சோதிக்கும் டைம்கிராஃபர் மெஷினில் வைத்தால் ஒன்றும் தெரியாது. "மெஷினில் செக் பண்ணிட்டோம் சார்" என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதைச் சோதிக்க எளிய வழி சில நாள் சரியான நேரத்தோடு ஒப்பிடுவதுதான். சர்வீஸும் கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

மற்ற மெக்கானிக்கல் வாட்சுகளுக்கு டைம்கிராஃபர் அவசியம். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தால் ஆம்ப்ளிடியூட், அதாவது உள்ளே ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு, 270 முதல் 310 டிகிரி வரை இருக்க வேண்டும். 220-க்குக் கீழே என்றால் சர்வீஸ் செலவை விலையில் கழியுங்கள். இங்கே ஒரு தில்லுமுல்லு உண்டு. வீச்சைக் கணக்கிட மெஷினில் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோணத்தை எந்திரத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும், அது வழக்கமாக 52-இல் நிற்கும். யூனிடாஸ் 6497 என்ற எந்திரத்துக்கு அது 44. மாற்றாமல் வைத்தால், உண்மையில் 230 ஆடும் வாட்ச் 270 என்று காட்டும். எந்த எந்திரம், என்ன ஆங்கிள் என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணைப் பாருங்கள்.

மணி எண் குதித்து மாறும் ஜம்ப் அவர் வாட்ச் என்றால் 12 மணியையும் முன்னோக்கித் திருப்பிப் பாருங்கள். சரியாக 60-ஆவது நிமிடத்தில் குதிக்க வேண்டும். பின்னோக்கித் திருப்பலாமா என்பதைக் கேட்காமல் திருப்பாதீர்கள், பல மாடல்களில் கூடாது. குதிப்பதற்கான விசை முந்தைய நிமிடங்களில்தான் சேர்கிறது. அதனால் சாவி இறங்கும் நேரத்தில் 50-ஆவது நிமிடத்துக்கும் 60-க்கும் நடுவே நின்றுபோனால் உள்ளே எண்ணெய் வறண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பெல்ஜியத்தின் ரெஸன்ஸ் டைப் 3-இல் டயல் பகுதி எண்ணெயில் மிதக்கிறது, கிரவுனே (பக்கவாட்டுச் சாவித் திருகே) கிடையாது. அடியில் ஓடுவது ஈடிஏ-வின் 2892 எந்திரத்தை மாற்றியமைத்ததுதான், ஆனால் அந்த எண்ணெய் அறையை ஊர்க் கடையில் திறக்க விடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாள் எரிச்சல். சர்வீஸுக்குக் கொடுத்தால் கேட்காமலே பாலிஷ் போட்டு, வாட்சைச் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று திருப்பித் தருகிறார்கள். விளிம்பு மழுங்கினால் மழுங்கியதுதான், போன உலோகம் திரும்பாது. பழைய முள்ளையும் டயலையும் மாற்றிவிட்டுக் கழற்றியதைத் தராத இடங்களும் உண்டு. ஜாப் கார்டில் (சர்வீஸ் ரசீதில்) "பாலிஷ் வேண்டாம், கழற்றிய பாகங்கள் வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். இது எல்லாக் கடைக்காரர்களையும் சொல்வதல்ல, நல்லவர்கள் இருக்கிறார்கள், சண்டைக்கு வராதீர்கள்.

வாங்கும்போது மணிக்கட்டின் மேல்பக்க அகலத்தை ஸ்கேலால் அளந்து, வாட்சில் ஸ்ட்ராப் மாட்டும் கொம்பின் ஒரு நுனியிலிருந்து எதிர் நுனி வரையுள்ள நீளம் அதைத் தாண்டாமல் பாருங்கள். டயலின் விட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்ட்ராப் அகலம் 19 மில்லிமீட்டர், 21 மில்லிமீட்டர் என்றால் மாற்று ஸ்ட்ராப் தேட வேண்டியிருக்கும். நம் ஊர் வியர்வைக்குத் தோல் ஸ்ட்ராப் சீக்கிரம் நாறும். இந்தியாவில் வாங்குகிறீர்கள், விலை 10 லட்சத்தைத் தாண்டுகிறது என்றால், 2025 ஏப்ரல் 22 முதல் 1% டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், பில்லைத் தொலைக்காதீர்கள்.

ரீசேல் வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு ஒரு லாபம் உண்டு. பெயர் அடிபடாத பிராண்டுகள் செகண்ட் ஹேண்டில் நன்றாகவே இறங்கிக் கிடைக்கும். அந்த நஷ்டத்தை முதல் ஆள் பட்டுவிட்டார், நீங்கள் இரண்டாவது ஆளாக இருங்கள். கேள்வியில் மாடல் பெயர் இல்லை. எழுதினால் உள்ளே என்ன எந்திரம், எங்கே சர்வீஸ் என்று சொல்கிறேன்.