நாட்குறிப்புக்கான பின்னணித் தாளை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வழி மைதா பசைத் தாள், அதாவது நிறம் கலந்த மைதாப் பசையைத் தாளில் தடவி அதில் கோலம் இழுப்பது. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் ஊரில் இருந்த மொராவியச் சமூகத்தார் (ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர்) இப்படிச் செய்த தாள்கள் புத்தக அட்டைகளுக்குப் போயின.

இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பளபளப்பு வரும்வரை கிளறுங்கள். ஆறியதும் வடிகட்டுங்கள், தயிர்ப் பதம் இருந்தால் சரி. அதில் போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ கலக்கலாம்.

தாள் 120 ஜிஎஸ்எம்மாவது (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை அளவு) இருக்கட்டும், மெல்லியது கிழிந்துவிடும். முதலில் தாளை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் சுருங்காமல் படியும். அப்புறம் பசையைத் தடவி, பழைய சீப்பை அலை அலையாக இழுங்கள். பசை கெட்டியாக இருப்பதால் நிறம் வழியாது. சீப்புப் பல் போன இடம் வெளுத்து, ஓரத்தில் நிறம் குவிந்து அடர்த்தியாகும். அந்த ஆழம் அச்சுத் தாளில் கிடைக்கவே கிடைக்காது! பிடிக்கவில்லையா, காய்வதற்குள் மறுபடி தடவி வேறு கோலம் இழுக்கலாம். முள்கரண்டி, அட்டைத் துண்டு, விரல் நுனி எதுவும் உதவும்.

காய்ந்தபின் தாள் சுருளும். கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். மேலே எழுதப் போகிறீர்கள் என்றால் வெளிர் நிறமே நல்லது. மிச்சப் பசை ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.