ஏர்பேக் பற்றிக் கேளுங்கள்: கேள்வி பதில்

கார் எலக்ட்ரிக்கல் வேலையில் என்னிடம் அதிகம் வருவது ஏர்பேக் கோளாறுகள்தான். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் மொத்தமாக இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏர்பேக் என்பது சீட் பெல்ட்டுக்குத் துணைதான், பெல்ட் இருக்கிறது என்ற கணக்கில்தான் அதை வடிவமைக்கிறார்கள். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அண்ணா, மோதிய அடுத்த நொடியே பை விரிந்துவிடுகிறதே, உள்ளே காற்றை அமுக்கி அடைத்து வைத்திருப்பார்களா?

அடுத்த நொடி என்றால் ரொம்பத் தாமதம் தம்பி. நேருக்கு நேர் மோதலில் பை விரிந்து வேலையை முடிப்பது வரை எல்லாமே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிந்துவிடும்.

முன் பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டர் பக்கம் ஒன்றிரண்டு மோதல் சென்சார்கள் இருக்கும். அப்புறம் பெரும்பாலும் கியர் லீவருக்கு அடியில், தரைத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கிய சின்னப் பெட்டி ஒன்று இருக்கும், அதுதான் கண்ட்ரோல் யூனிட். அதற்குள்ளேயும் வேகம் எவ்வளவு சடாரென்று குறைகிறது என்று அளக்கும் சென்சார் உண்டு. ஒரு சென்சார் மட்டும் சொன்னால் பெட்டி நம்பாது, இன்னொன்றும் ஆமாம் என்று சொன்னால்தான் உத்தரவு போகும், ஏனென்றால் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதற்கெல்லாம் பை விரிந்தால் அதுவே விபத்தாகிவிடும். இந்த முடிவுக்கு வர சுமார் 15 முதல் 20 மில்லிசெகண்ட் ஆகும் (ஒரு மில்லிசெகண்ட் என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

உத்தரவு வந்ததும் ஸ்டீயரிங் நடுவில் இருக்கும், பையை நிரப்பும் இன்ஃப்ளேட்டருக்கு மின்சாரம் போகிறது. சுமார் 1.2 ஆம்பியர், 2 மில்லிசெகண்ட், அவ்வளவு போதும். அதில் ஒரு மெல்லிய கம்பி சூடாகி, அதைச் சுற்றியுள்ள துளி வெடிமருந்து பற்றி, அது பக்கத்தில் மாத்திரை மாதிரி அடுக்கியிருக்கும் எரிபொருளைப் பற்றவைக்கிறது. எரிந்து வருவது நைட்ரஜன் கலந்த வாயு. உலோக வலை வழியாக வடிகட்டிக் குளிர்ந்து, மடித்து வைத்த நைலான் பைக்குள் பாய்கிறது. ஓட்டுநர் பை சுமார் 60 லிட்டர் பிடிக்கும், மோதல் தொடங்கி 40 முதல் 50 மில்லிசெகண்டில் அது நிரம்பிவிடும். உங்கள் முகம் வந்து சேரும்போது பின்பக்கத் துளைகள் வழியே காற்று வெளியேறத் தொடங்கியிருக்கும். அந்தத் துளைகள் இல்லையென்றால் பை உங்களைத் திரும்பப் பின்னுக்கு எறியும்.

நீங்கள் கேட்டதிலும் பாதி உண்மை இருக்கிறது. பக்கத்துச் சீட்டுப் பையிலும் ஜன்னல் மேலிருந்து இறங்கும் கர்ட்டன் பையிலும் பல கார்களில் ஆர்கான், ஹீலியம் போன்ற வாயுவை உயர் அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பார்கள்.

பக்கவாட்டில் இடித்தாலும் இதே நேரம்தானா?

இல்லை, அங்கே அவ்வளவு நேரம் கிடைக்காது. முன்னால் மோதினால் நசுங்குவதற்கு எஞ்சின் அறை முழுக்க இருக்கிறது. பக்கத்தில் ஒரு கதவு, ஒரு சாண் இடைவெளி, அவ்வளவுதான். அதனால் கதவுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் வைக்கிறார்கள். தகடு உள்ளே நசுங்கத் தொடங்கியதுமே கதவுக்குள் அழுத்தம் எகிறும், பெட்டி 10 மில்லிசெகண்டுக்குள் முடிவெடுத்துவிடும். கர்ட்டன் பை மட்டும் முன்பக்கப் பை மாதிரி உடனே தளராமல் சில விநாடிகள் விறைப்பாக நிற்கும், கார் உருண்டால் தலை வெளியே போகாமல் காக்க.

நண்பரின் கார் முன்பக்கம் முழுக்க நொறுங்கிவிட்டது, ஆனால் ஏர்பேக் விரியவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இந்தக் கேள்வி எல்லாரிடமிருந்தும் வருகிறது. கார் எவ்வளவு நசுங்கியது என்பது கண்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியாது. வேகம் எவ்வளவு குறைந்தது, எத்தனை மில்லிசெகண்டில் குறைந்தது, இதைத்தான் அது பார்க்கிறது. நின்ற லாரியின் பின்புறத்துக்கு அடியில் கார் புகுந்தால் பானட்டும் கண்ணாடியும் கிழிந்துபோகும், ஆனால் பம்பரும் சேசிஸ் கம்பிகளும் எதிலும் முட்டாததால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகவே குறையும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெட்டியின் கணக்கில் அது மெதுவான மோதல். உரசிக்கொண்டு போவது, பின்னாலிருந்து இடிபடுவது, இதற்கெல்லாமும் முன்பைகள் விரியாது, விரிந்தும் பயனில்லை.

பொதுவாக, அசையாத சுவரில் மணிக்கு 25 கிலோமீட்டர் வாக்கில் முட்டுவதற்குச் சமமான அடி இருந்தால் பெல்ட் போட்டவருக்கு முன்பை விரியும். எதிரே இருப்பது இன்னொரு கார் என்றால் இரண்டும் நசுங்கி அடியைப் பகிர்ந்துகொள்ளும், அப்போது அதைவிட அதிக வேகத்திலும் விரியாமல் போகலாம். அதோடு, மோதலுக்கு முன்பே ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்று நண்பரிடம் கேளுங்கள். எரிந்திருந்தால் கதையே வேறு.

சீட் பெல்ட் போடாவிட்டால் ஏர்பேக் வேலை செய்யாது என்கிறார்களே?

பெரும்பாலான கார்களில் வேலை செய்யும். பல கார்களில் பெல்ட் போடாதவருக்கு இன்னும் குறைந்த அடியிலேயே விரியும். ஆபத்தே அங்கேதான். பிரேக் பிடித்த கணத்தில் பெல்ட் இல்லாத உடம்பு முன்னால் சரிந்து ஸ்டீயரிங்கை ஒட்டி வந்துவிடும், பை வெளியே வருவதோ மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில். முழுதாக விரிந்து முடித்த பையில் விழுவது வேறு, விரிந்துகொண்டிருக்கும் பைக்கு முகத்தைக் கொடுப்பது வேறு.

பெல்ட்டின் சுருளிலோ பக்கிளிலோ ப்ரீடென்ஷனர் என்று தனியாக ஒரு வெடிமருந்து இருக்கிறது. மோதல் தொடங்கியதும் அது வெடித்துப் பெல்ட்டைச் சில சென்டிமீட்டர் சுண்டி இழுத்து உங்களைச் சீட்டோடு பிடித்துக்கொள்கிறது, பை விரிய இடம் கிடைக்கிறது. பிறகு விலா எலும்பு முறியாமல் இருக்க அதே பெல்ட் கணக்காகக் கொஞ்சம் தளர்ந்தும் கொடுக்கும். 1981இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஓட்டுநர் ஏர்பேக் வந்தபோதே ப்ரீடென்ஷனரும் சேர்ந்துதான் வந்தது.

எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும்?

நெஞ்செலும்பிலிருந்து ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர். குள்ளமானவர்கள் சீட்டை உயர்த்தி, முதுகைக் கொஞ்சம் சாய்த்து இந்த இடைவெளியைக் கொண்டுவரலாம். கைகள் கடிகாரத்தின் 9, 3 இடங்களில் இருக்கட்டும். நடுப்பகுதிக்குக் குறுக்கே முன்கையை வைத்து ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் டேஷ்போர்டு மேல் கால் போட்டிருந்தால் வண்டியை நிறுத்தி இறக்கச் சொல்லுங்கள், பை விரிந்தால் முழங்கால் முகத்தில்தான் வந்து அடிக்கும், தொடை எலும்பும் இடுப்பும் நொறுங்கும்.

அண்ணே, நான் வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒரு வண்டியில் ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பட்டன்களும் செத்துவிட்டன, ஏர்பேக் விளக்கும் எரிகிறது. எங்கே ஆரம்பிப்பது?

மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங்தான். ஸ்டீயரிங் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் நடுவில் உள்ள பைக்கு மின் இணைப்பு ஒரு கணமும் அறக் கூடாது. அதற்காக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வட்டமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தட்டையான ரிப்பன் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். பிரித்துப் பார், பெரும்பாலும் ரிப்பன் மடங்கும் இடத்தில் செப்புக் கோடு மயிரிழை அளவுக்கு விட்டிருக்கும். வண்டியின் கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில், ஓட்டுநர் பை சர்க்யூட்டில் மின்தடை அதிகம் என்ற ரீதியில் பி எழுத்தில் தொடங்கும் பிழைக் குறியீடு ஒன்று நிற்கும்.

பல வண்டிகளில் இது தானாகக் கெடுவதில்லை, நம் ஆட்கள் கெடுப்பதுதான். சக்கரங்கள் நேராக இல்லாமல் ஸ்டீயரிங்கைக் கழற்றுவது, கழற்றிய பிறகு கிளாக் ஸ்பிரிங் சுற்றிக்கொள்ள விடுவது, நடுப்புள்ளி பார்க்காமல் மாட்டுவது. அப்படி மாட்டினால் ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது ரிப்பன் நீளம் போதாமல் அறுந்துபோகும். புது ஸ்பிரிங்கில் இருக்கும் பூட்டு பின்னை ஸ்டீயரிங் மாட்டும் வரை எடுக்காதே.

இதைவிட முக்கியமானது: பேட்டரி நெகடிவைக் கழற்றியதும் வேலையைத் தொடங்காதே. மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் கெபாசிட்டரில் மின்சாரம் சேர்த்து வைத்திருக்கும். அது வடியும் வரை காத்திரு, எத்தனை நிமிடம் என்று அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். பையின் சர்க்யூட்டில் சாதாரண மல்ட்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்கவே பார்க்காதே. பை இருக்கும் இடத்தில் சுமார் 2 ஓம் ரெசிஸ்டர் கொண்ட சோதனைக் கருவியை மாட்டி, அந்தப் பிழைக் குறியீடு மறைகிறதா என்று ஸ்கேனரில் பார்ப்பதுதான் முறை. கழற்றிய பையைத் தூக்கும்போது மூடி உன் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும், மேசையில் வைக்கும்போது மூடி மேலே இருக்கட்டும்.

ஏர்பேக் விளக்கு எரிகிறது, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே விடலாமா சார்?

விடாதீர்கள். அந்த விளக்கு எரிந்தால் அமைப்பில் ஏதோ கோளாறு என்று பெட்டியே சொல்கிறது. கோளாறைப் பொறுத்து ஒரு பை மட்டும் விரியாமல் போகலாம், எதுவுமே விரியாமலும் போகலாம். காரணம் சில சமயம் அற்பமானது: சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் சீட்டை முன்பின் நகர்த்தி நகர்த்தித் தளர்ந்திருக்கும், அல்லது கார்பெட் நனைந்து கனெக்டரின் பின்களில் பச்சை பூத்திருக்கும். பேட்டரி பலவீனமானாலும் பிழைக் குறியீடு விழும். ஸ்கேனரில் பார்த்தால் எந்தச் சர்க்யூட் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய கார் வாங்கப் போகிறேன். ஏர்பேக் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம். எஞ்சின் விளக்கோடு சேர்ந்து அணைகிறது, தனக்கென்று ஒரு நேரம் இல்லை என்றால் வேறு விளக்கின் ஒயரோடு சேர்த்து இணைத்திருக்கலாம்.

ஒருமுறை ஒரு வண்டியில் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. ஸ்டீயரிங் மூடியின் நிறம் மட்டும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு கொஞ்சம் ஒட்டவில்லை. கழற்றினால் உள்ளே பையே இல்லை. மஞ்சள் கனெக்டரில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ரெசிஸ்டர், பெட்டிக்குப் பை இருப்பதாகக் காட்டிக்கொண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த வண்டியை விற்கப் பார்த்திருக்கிறார்கள், நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அதனால் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டீயரிங் மூடி, பக்கத்து டேஷ்போர்டு, கூரையோரத் துணி, மூன்றிலும் நிறமும் தையலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெல்ட்டை முழுக்க இழுத்து அடியில் உள்ள தயாரிப்புத் தேதியைப் படியுங்கள், காரைவிடப் பெல்ட் ரொம்பப் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்கேனரோடு ஒருவரை அழைத்துப் போவது எல்லாவற்றையும்விட நல்லது.

ஒன்பது மாதக் குழந்தை. பின்னோக்கி வைக்கும் குழந்தை சீட்டை முன்னால் என் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா?

பை இயங்கும் நிலையில் இருந்தால் கூடவே கூடாது அம்மா. அந்தச் சீட்டின் முதுகு டேஷ்போர்டுக்கு மிக அருகே இருக்கும், பை நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். பின் சீட்டில் வையுங்கள். வேறு வழியே இல்லையென்றால், பக்கத்துப் பையை நிறுத்தும் சுவிட்ச் உள்ள காரில் அதை நிறுத்தி, விளக்கு ஆஃப் காட்டுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும்.

கர்ப்பமாக இருக்கிறேன், பெல்ட்டும் ஏர்பேக்கும் குழந்தையைப் பாதிக்குமா?

பெல்ட்டைக் கட்டாயம் போடுங்கள். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பு மேல், மேல்பட்டை மார்புக்கு நடுவே. சீட்டைப் பின்னால் தள்ளுங்கள், வயிறு பெரிதாகும்போது இன்னும் கொஞ்சம். ஏர்பேக்கை நிறுத்த வேண்டாம். சின்ன மோதல் நடந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

விரிந்ததும் உள்ளே வெள்ளைப் புகை வந்தது, தீ என்று பயந்து குதித்துவிட்டோம்.

பெரும்பாலும் அது பை ஒட்டாமல் இருக்கத் தூவிய பவுடரும் எரிபொருள் எரிந்த மிச்சத் துகளும். கண், தொண்டை எரியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு முட்டலாம். கதவைத் திறந்து வெளியே வந்தது சரிதான், ஆனால் இருபுறமும் வண்டி வருகிறதா என்று பார்த்து இறங்குங்கள். கண்ணைக் கசக்காமல் தண்ணீரில் கழுவுங்கள்.

சீட் கவர், முன்னால் கம்பி கார்டு, இதெல்லாம் போடலாமா?

சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று பட்டை தைத்திருந்தால் அந்தப் பக்கம் பிரிந்துகொள்ளும் தையல் உள்ள கவர் மட்டும். கம்பி கார்டு வேண்டாம், அடியை நேராகச் சேசிஸுக்குக் கடத்திச் சென்சாரின் கணக்கைக் கெடுக்கும். டேஷ்போர்டில் பை இருக்கும் மூடி மேல் பொம்மை, போன் ஸ்டாண்டு எதையும் ஒட்டாதீர்கள், விரியும்போது அதுதான் முதலில் பறந்து வரும்.

டகாட்டா ரீகால் என்று கேள்விப்பட்டேன், அது என்ன விவகாரம்?

பழைய இன்ஃப்ளேட்டர்களில் சோடியம் அசைடு இருந்தது, நச்சு என்பதால் 1990களில் கைவிட்டார்கள். ஏர்பேக் தயாரித்த டகாட்டா நிறுவனம் அதற்குப் பதிலாக அம்மோனியம் நைட்ரேட்டுக்குப் போனது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத இன்ஃப்ளேட்டர்களில், வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறிப் பட்டு வருடக்கணக்கில் அந்த மாத்திரைகள் சிதைந்தன. சிதைந்த மாத்திரை மிக வேகமாக எரியும், அழுத்தம் தாங்காமல் உலோகக் கூடு வெடித்துத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநர் மேல் பாயும். சின்ன மோதலில் பிழைத்திருக்க வேண்டியவர்கள் இதில் இறந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறும் பட்டியலில் வந்தன, 2017இல் நிறுவனம் திவாலானது. உங்கள் காரின் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள், மாற்றும் வரை ஓட்டலாமா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விரிந்த பையை மடித்துத் திரும்ப வைத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

வேண்டாம். இன்ஃப்ளேட்டர் ஒருமுறைதான் எரியும், துணியும் சூடு கண்டது. பை, வெடித்த ப்ரீடென்ஷனருள்ள பெல்ட்டுகள், அடிபட்ட சென்சார்கள், பெரும்பாலான கார்களில் மோதல் பதிவோடு பூட்டிக்கொண்ட கண்ட்ரோல் யூனிட், எல்லாம் புதிதாக மாற வேண்டும். கிளாக் ஸ்பிரிங்கும் சூட்டில் உருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாகங்களின் பில்லில் உங்கள் காரின் பாக எண் இருக்கட்டும், பழைய பாகங்களை வாங்கிக் கண்ணால் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.