மருத்துவ மாணவர்கள்: இந்த வாரக் கேள்வி-பதில்

மகன் மருத்துவம் படிக்கிறான். டாக்டருக்குரிய பொறுப்பே வரவில்லை. என்ன செய்வது? – ஒரு தந்தை, வில்லியனூர்

எத்தனையாவது வருடம் என்று எழுதவே இல்லையே! முதல் வருடம் என்றால் அனாடமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார், விட்டுவிடுங்கள். ஹவுஸ் சர்ஜன் என்றால் கவலைப்படலாம். வருடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

புது மாணவர்களுக்கு டாக்டர் கோட் அணிவிக்கும் வெள்ளை கோட் விழா அவசியமா? – பேராசிரியர், கடலூர்

தாராளமாக நடத்துங்கள். 1993-ல் அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வழக்கம் அது. பெற்றோருக்கு நல்ல போட்டோ கிடைக்கும். மறுநாள் அதே கோட்டோடு கேன்டீனில் பரோட்டா சாப்பிடுபவரை யாராவது கூப்பிட்டுக் கண்டிக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மாணவரின் மருத்துவத் திறனைப் படிப்படியாக மதிப்பிடும் மில்லர் பிரமிடில், டாக்டருக்குரிய மனப்பாங்குக்கு இடம் உண்டா? அதை மதிப்பிட செக்லிஸ்ட் கிடைக்குமா? – முதுநிலை மாணவி, புதுச்சேரி

உண்டு. மில்லர் 1990-ல் போட்டது நான்கு படி. 2016-ல் மருத்துவக் கல்வி ஆய்வாளர்களான க்ரூஸ் தம்பதியும் ஸ்டைனர்ட்டும் ‘செய்கிறார்’ என்ற உச்சிப் படிக்கு மேலே ‘அப்படியே இருக்கிறார்’, அதாவது டாக்டராகவே ஆகிவிட்டார் என்று ஐந்தாவதைச் சேர்த்தார்கள். செக்லிஸ்டா? வேண்டாம். மாணவர் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, ‘ஏழாம் பெட்’ என்கிறாரா, அதைக் கவனியுங்கள்.

ஏட்காம் (மனப்பாங்கு, எதிக்ஸ், நோயாளியிடம் பேசும் முறை) வகுப்புக்குப் பிறகு மாணவர்கள் எழுதும் அனுபவக் குறிப்புக்கு எப்படி மார்க் போடுவது? – உதவிப் பேராசிரியர், சிதம்பரம்

2019 பாடத்திட்டத்தோடு ஏட்காம் வந்ததிலிருந்து நான் புலம்பும் விஷயம் இது. மாணவர்கள் குறிப்பெழுதும் லாக்புக்கைத் திறந்தால் பாதிக்கு மேல் ஒரே பத்தி: ‘இவ்வகுப்பின் மூலம் கருணையின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்.’ சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. எழுத்துப்பிழைகூட மாறாமல் வரும்.

பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன பயன்? இன்டர்னலுக்கு முதல் நாள் நாற்பது லாக்புக்கைக் குவித்துவைத்துக்கொண்டு, படிக்காமலே கையெழுத்துப் போடுவது யார்? நாம்தான். யாரும் பார்க்காவிட்டால் ஒப்பேற்றிவிடலாம் என்று நாமே பாடம் எடுத்துவிட்டு, எதிக்ஸுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம்.

தலைப்புக் கொடுக்காதீர்கள். ‘இந்த வாரம் வார்டில் எதைப் பார்த்துச் சங்கடப்பட்டாய்?’ என்று கேளுங்கள். ஐந்து வரி போதும். ரவுண்ட்ஸில் திரையை இழுக்காமலேயே ஓர் அம்மாவின் சேலையை விலக்கினார்கள், நானும் கூட்டத்தோடு நின்று பார்த்தேன் என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். அதற்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? நான் போடவில்லை. ‘அப்போது என்ன செய்திருக்கலாம்?’ என்று அரை மணி நேரம் பேசினோம். சீனியர் முன்னால் வாயைத் திறக்க முடியாவிட்டாலும் திரையை இழுக்கக் கை இருக்கிறதே என்றார். அவராகக் கண்டுபிடித்தது. மார்க் போட்டால் மறுபடியும் கருணைப் பத்திதான் வரும். அப்புறம் ஒன்று, மாணவர் எழுதியதை டிபார்ட்மென்ட்டில் சொல்லிச் சிரிக்காதீர்கள். அடுத்த தடவை உண்மை வராது.

ரவுண்ட்ஸில் நோயாளி முன்னாலேயே சார் திட்டுகிறார். – ஹவுஸ் சர்ஜன், புதுச்சேரி

தவறைச் சுட்டிக்காட்டலாம், அங்கே வைத்து அல்ல. நம்பிக்கையான வேறொரு ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் ஜூனியரிடம் அதே வேலையைக் காட்டாதீர்கள்.

படிப்பின் பகுதியாக நாங்கள் தத்தெடுத்து உடல்நலத்தைக் கவனித்துவரும் குடும்பத்தில் பி.பி. மாத்திரை எழுதித்தரச் சொல்கிறார்கள். – இரண்டாம் ஆண்டு மாணவர், பண்ருட்டி

எழுதக் கூடாது. ‘நான் இன்னும் மாணவன்தான்’ என்று சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். கடிதத்தில் ‘அந்தப் பாட்டி’ என்றே நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயர் என்ன?