லண்டன் கால்வாயில் படகுவீடு: மூரிங் (படகு கட்டும் இடம்) ஒப்பந்தம் முடிந்தால் என்ன உரிமை மிஞ்சும்?

கேள்வி: லண்டன் அல்பர்டனில், கிராண்ட் யூனியன் கால்வாயை ஒட்டிய தனியார் படகுத்துறை ஒன்றில், நாரோபோட் எனப்படும் ஒடுக்கமான சொந்தக் கால்வாய்ப் படகில் மனைவி, மகளுடன் ஏழு ஆண்டுகளாக வசிக்கிறேன். "விரும்பும்வரை இருங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்ன துறை உரிமையாளர், கட்டண உயர்வை நான் எதிர்த்ததும் 28 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். பக்கத்துப் படகுகளுக்கு இந்த உயர்வு இல்லை. மகளின் பள்ளி அருகில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து எங்களை இப்படி வெளியேற்ற முடியுமா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கும் செய்தி ஒன்றே ஒன்று. சென்ற ஆண்டு அடிப்பாகத்துக்குத் தார் பூசுவதற்காகப் படகை டிரை டாக்குக்கு (நீரை வடித்துப் படகைப் பழுதுபார்க்கும் துறைக்கு) ஓட்டிச் சென்று, திரும்பக் கொண்டுவந்து கட்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி அவிழ்த்துக் கொண்டுபோகக்கூடிய படகு நிலத்தின் பகுதி ஆகாது. அது உங்கள் உடைமைப் பொருள் மட்டுமே. செல்சியில் தேம்ஸ் கரையில் கட்டப்பட்டிருந்த படகுவீடு ஒன்றைப் பற்றிய வழக்கில், மின்சாரமும் தண்ணீரும் கரையிலிருந்தே வந்தபோதிலும், 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. எனவே, நிலத்தோடு சேர்ந்த வீடுகளுக்கான 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் வாடகைதாரருக்குத் தரும் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. கேரவன் பூங்காக்களில் வசிப்போரைக் காக்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் படகுகளுக்குப் பொருந்தாது. மிஞ்சுவது மூரிங் ஒப்பந்தம் மட்டுமே. பக்கத்துப் படகின் கட்டணமோ, சாட்சியில்லாத வாய்மொழி உறுதியோ இதை மாற்றப்போவதில்லை.

இனி நான் உண்மையாகவே அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில், அந்த இடம் 'பொழுதுபோக்கு மூரிங்' என்றும், அதை நிரந்தர வசிப்பிடமாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. "இது என் வீடு" என்று நீதிமன்றத்தில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் ஒப்பந்தத்தை மீறியதற்கு நீங்களே தரும் வாக்குமூலமாகிவிடும். என்னிடம் வந்த சிலர், உரிமையாளர்மீதுள்ள கோபத்தில் கவுன்சிலில் புகார் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்குக் குடியிருப்புக்கான திட்ட அனுமதியே இல்லை என்று கவுன்சில் கண்டுபிடித்து அமலாக்க நடவடிக்கையில் இறங்கியதும், புகார் கொடுத்தவரோடு சேர்ந்து அந்தத் துறையில் வசித்த எல்லோரும் இடம் இழந்தார்கள். பத்து ஆண்டுகள் தொடர்ந்து நடந்த பயன்பாட்டின்மீதுதான் கவுன்சில் கைவைக்க முடியாது. உங்களுக்கு ஏழு ஆண்டுகளே ஆகின்றன.

கட்டணத்தை நிறுத்திவைப்பது அதைவிடப் பெரிய பிழை. பாக்கி தீரும்வரை படகைப் பிடித்துவைக்கும் உரிமையைத் தரும் பிரிவு இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும், உங்களுடையதிலும் இருக்கிறது. பழைய கட்டணத்தையாவது தவறாமல் வங்கி வழியாகச் செலுத்தி வாருங்கள்.

"மூரிங்கே வேண்டாம், கால்வாயில் நகர்ந்துகொண்டே இருப்போம்" என்ற உங்கள் மனைவியின் யோசனையையும் ஆற அமர எண்ணிப் பாருங்கள். 1995ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, சொந்த மூரிங் இல்லாத படகு பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்காமல் உண்மையான பயணத்தில் இருக்க வேண்டும்; பள்ளியைச் சுற்றிச் சில மைல்களுக்குள் போய்வந்துகொண்டிருந்தால் அது பயணமாகக் கருதப்படாது. கால்வாய்களை நிர்வகிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் படகின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தால் படகையே நீரிலிருந்து அகற்ற வழி திறந்துவிடும். இத்தகைய படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் கூடுதல் கட்டணமும் உண்டு.

ஆகவே, சமரசம் பேசுங்கள். அதுவும் 28 நாள் முடியும் முன்பே பேசுங்கள். கட்டணத்தைத் தன் விருப்பப்படி உயர்த்த உரிமையாளருக்கு இடம் தரும் பிரிவு 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி நியாயமற்றது என்று வாதிட இடமிருக்கிறது. அது உங்களுக்குத் தங்கும் உரிமையைத் தராது; ஆனால் வக்கீல் செலவையும் தாமதத்தையும் விரும்பாத ஒருவரைப் பேச்சுக்குக் கொண்டுவரும். 'வித்தவுட் பிரெஜுடிஸ்' (இந்தச் சமரசப் பேச்சை நீதிமன்றத்தில் எனக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று பொருள்) என்று தலைப்பிட்ட கடிதத்தில் இரண்டைக் கேளுங்கள்: பள்ளி ஆண்டு முடியும்வரை பழைய கட்டணத்திலேயே தங்க அவகாசம், அதற்குள் படகை விற்றால், வாங்குபவருக்கு அதே இடத்தில் புது மூரிங் ஒப்பந்தம் தருவதாக எழுத்துமூல உறுதி. லண்டனில் கட்ட இடமில்லாத படகு விலைபோவது கடினம். முதல் கோரிக்கையில் சில வாரங்களை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.