பட்டாவில் யார் பெயர்?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் புஞ்சை. அப்பா உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். கேழ்வரகும் துவரையும் போட்டுப் பாடுபடுபவர் அம்மாதான். பயிர்க்கடன் கேட்டால், பட்டா இறந்தவர் பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அண்ணனோ, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் என் கையெழுத்தைக் கேட்கிறார். 2026-ஐப் பெண் விவசாயிகள் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறதாமே, அதனால் அம்மாவுக்கு ஏதாவது உண்டா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த அறிவிப்பைக் கொண்டுபோய்த் தாலுகா அலுவலகத்தில் நீட்டினால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். வருவாய்த் துறையில் காலம் தள்ளிவிட்டு இந்த ஊரில் வந்து உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன்.

இதற்கு முன் வந்த உலக அறிவிப்புகளின் கதையும் இதுதான். 2008 வாக்கில் உணவு விலை எகிறியதும் அயல்நாட்டு நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் நிலம் வளைக்கக் கிளம்பின. மடகாஸ்கரில் ஒரு கொரிய நிறுவனம் 13 லட்சம் ஹெக்டேருக்குக் குறிவைத்தது. மக்கள் கொதித்தார்கள், 2009-ல் ஆட்சி கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் சூடு தணியும் முன்பே, 2012-ல், ரோமில் நிலவுரிமைக்கான வழிகாட்டு நெறிகள் ஏற்கப்பட்டன. 2018-ல் ஐ.நா. பொதுச்சபை உழவர் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. இரண்டுமே நிலத்தில் பெண்ணுக்குச் சம உரிமை என்கின்றன. இரண்டுமே எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தாதவை.

உங்களுக்குக் கைகொடுப்பது உள்ளூர்ச் சட்டம்தான். நீங்கள் இந்துக் குடும்பம், உடன்பிறந்தவர் அண்ணன் ஒருவரே, அப்பாவைப் பெற்ற பாட்டி அப்பாவுக்கு முன்பே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். நிலம் அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால் மூவருக்கும் சமபங்கு. பூர்வீகம் என்றால் கணக்கு விநோதமாகிறது: அப்பா, அண்ணன், நீங்கள் என்று முதலில் மூன்று கூறு, அப்பாவின் கூறு மட்டும் மறுபடி மூன்றாகும். ஆக ஒன்பதில் நான்கு உங்களுக்கு, நான்கு அண்ணனுக்கு, வெயிலில் களையெடுக்கிற அம்மாவுக்கு ஒன்றே ஒன்று! மகளுக்கு இந்தப் பங்கைத் தமிழ்நாடு 1989-லும் மத்திய அரசு 2005-லும் சட்டமாக்கின. 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்திவிட்டது.

தாம்பூலத் தட்டில் பட்டுப்புடவை, அதன் மேல் விடுதலைப் பத்திரம், பக்கத்தில் மூடி திறந்த பேனா என்று தங்கைகளை உட்கார வைத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். புடவையை வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்தை ஒத்திப்போடுங்கள். உங்களுக்கு நிலம் வேண்டாம் என்றால் உங்கள் பங்கை அம்மா பெயருக்கே எழுதிக் கொடுக்கலாமே? அண்ணனுக்குத்தான் கொடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

முதலில் வாரிசுச் சான்றும், நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றும் வாங்குங்கள். மூலப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனுப் போடுங்கள். பட்டா கைக்கு வந்ததும், நில விவரம் சொல்லும் சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டி கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலுமாக அம்மாவே கூட்டுறவுச் சங்கப் படியேறலாம்.

கேள்வி: 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்றார்களே, என்ன ஆயிற்று?
– வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: மாநாட்டு மேடைகளில் கம்பு பிஸ்கட் கொடுத்தார்கள். உருப்படியான காரியம் அதே ஆண்டில் நீலகிரியிலும் தருமபுரியிலும் நடந்தது: ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு.