பெயர் வைத்த செல்களும் குட்டிக் கோடுகளும்: எக்செல் கேள்வி-பதில்

45 மாணவர்களின் மதிப்பெண் பட்டியல். ஒவ்வொரு சூத்திரத்துக்கும் சி2 முதல் சி46 வரை இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது. சுருக்குவழி உண்டா?

அந்த செல்களுக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள், டீச்சர். அவற்றைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பாருக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னப் பெட்டியில் ‘மேத்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடியுங்கள். என்டர் அடிக்காமல் வேறு செல்லைத் தொட்டால் பெயர் பதிவாகாது. பிறகு ஆவரேஜ், அடைப்புக்குறிக்குள் மேத்ஸ், அவ்வளவுதான். ஐந்து பாடங்களுக்கும் ஒரே மூச்சில் வைக்க, தலைப்போடு சேர்த்துத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தி, ‘டாப் ரோ’வை மட்டும் டிக் செய்யுங்கள்.

‘டிஎன்2025’ என்று பெயர் வைத்தால் ஏற்க மாட்டேன் என்கிறதே?

அது ஏற்கெனவே ஒரு செல்லின் முகவரி. 2007 பதிப்பிலிருந்து எக்செல்லில் 16,384 நெடுவரிசைகள். அவற்றில் டிஎன் என்றும் ஒன்று இருக்கிறது. நடுவில் ஓர் அடிக்கோடு போடுங்கள், ஏற்றுக்கொள்ளும். இடைவெளி விடக்கூடாது, எண்ணில் தொடங்கவும் கூடாது.

கடை விற்பனைக்குப் பெயர் வைத்துக் கூட்டுகிறேன். புதிதாக எழுதும் வரிகள் கூட்டலில் சேரவில்லை.

எனக்கு வரும் கேள்விகளில் இதைத்தான் நான் மிகவும் கவனமாக எடுத்துக்கொள்வேன். பிழைச்செய்தி எதுவும் வராது, தொகை மட்டும் குறைந்திருக்கும். மொத்த வியாபாரக் கடை ஒன்றின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தேன். ஏப்ரலில் வைத்த பெயர் முதல் 30 வரிகளோடு நின்றிருந்தது. மே மாதம் முழுக்க எழுதியும் கூட்டுத்தொகை அசையவே இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

நடுவில் வரி செருகினால் பெயரின் எல்லை நீளும். கடைசி வரிக்குக் கீழே எழுதினால் நீளாது. அதனால் முதலில் கன்ட்ரோல், டி அழுத்திப் பட்டியலை, கீழே எழுத எழுதத் தானாக நீளும் டேபிளாக மாற்றுங்கள். அடுத்து கன்ட்ரோல், எஃப்3 அழுத்தினால் நேம் மேனேஜர் திறக்கும். அங்கே பழைய பெயரின் எல்லையை டேபிளின் அந்த நெடுவரிசை முழுவதற்கும் மாற்றுங்கள். சின்னப் பெட்டியில் அதே பெயரை மறுபடி தட்டுவதில் பயனில்லை, அது பழைய இடத்துக்கே கூட்டிப்போகும். ஆனால் சோதித்துப் பார்க்க அதுவே நல்ல வழி: பெட்டியில் பெயரைத் தேர்ந்தெடுங்கள், எந்த செல்கள் சேர்ந்திருக்கின்றன என்று கண்ணால் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

20 சரக்குகளுக்கு ஸ்பார்க்லைன், அதாவது ஒரே செல்லுக்குள் அடங்கும் குட்டிக் கோட்டுப்படம், போட்டேன். மாதம் 10 மூட்டை போகும் உளுந்தும் 300 மூட்டை போகும் அரிசியும் ஒரே உயரத்தில் தெரிகின்றன.

ஒவ்வொரு கோடும் தன் அளவுக்குத் தன் உயரத்தை வைத்துக்கொள்கிறது. ஏற்ற இறக்கம் மட்டும் போதுமென்றால் அப்படியே விடலாம். சரக்குகளை ஒப்பிட வேண்டுமென்றால் மேலே உள்ள ‘ஸ்பார்க்லைன்’ டேப்பில் ‘ஆக்சிஸ்’ போய், குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டையும் ‘எல்லாவற்றுக்கும் ஒன்றே’ என்று வையுங்கள். உளுந்து தரையோடு படுத்துவிடும். அதுதான் உண்மை நிலவரம். அழிக்க டெலீட் பொத்தான் உதவாது, அதே டேப்பில் ‘க்ளியர்’ இருக்கிறது.

92, 95, 97 சதவீதத் தேர்ச்சிக்குப் பார் சார்ட் போட்டால் ஒரு வருடம் மட்டும் மிக மோசமாகத் தெரிகிறது.

எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் மேலே தூக்கிவிடும். அச்சின் மேல் இரட்டை கிளிக் செய்து ‘மினிமம்’ கட்டத்தில் 0 போடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் காட்டப்போகிறீர்கள் என்றால், பட்டைகளின் மேல் எண்ணையும் எழுதிவிடுங்கள்.